அப்பாவின் ஜூம் கேமராவில் ஒரு ரோல் போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி இதுதான். அப்பா 2001-இல் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்த ஒலிம்பஸ் மியூ-2 ஜூம் 80 பீரோவிலிருந்து கிடைத்திருக்கிறது. பல வருடமாக யாரும் தொடவில்லை. அதில் எடுத்த கல்யாணப் படங்களில் கிட்டத்தில் நின்று எடுத்தவை பளிச்சென்று இருக்கின்றன. மண்டபத்தில் தள்ளி உட்கார்ந்து ஜூம் போட்டு எடுத்தவை எல்லாம் இருட்டு, கலங்கல். லென்ஸ் கெட்டுப்போன கேமராவா இது? இன்றைக்கு ஃபிலிம் விற்கும் விலையில் ஒரு ரோல் வாங்கிப் போடுவது வீண் செலவா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் லென்ஸ் கெடவில்லை. கிட்டத்துப் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்பதே அதற்குச் சாட்சி. அந்தக் கலங்கலுக்குக் காரணம் லென்ஸின் முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது. கேமராவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், 38-80 என்று ஓர் எண்ணும் 4.5-8.8 என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முதலாவது குவியத்தூரம், மில்லிமீட்டரில். இரண்டாவது எஃப் எண், அதாவது குவியத்தூரம் வெளிச்சம் நுழையும் வாசலின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. இதைத்தான் அன்றைக்குக் கேமரா வாங்கிய யாரும் கவனிக்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

38-ஐ 4.5-ஆல் வகுத்தால் சுமார் 8.4 மில்லிமீட்டர். 80-ஐ 8.8-ஆல் வகுத்தால் சுமார் 9.1. அதாவது வெளிச்சம் உள்ளே நுழையும் வாசலின் அகலம் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கிறது. ஆனால் லென்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. அதே வாசல் வழியாக வந்த வெளிச்சம் நீண்ட தூரம் போய் விழும்போது பரவி மங்கிவிடும். கணக்குப் போட்டால் 38-இல் ஃபிலிமுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் 80-இல் கிடைக்கிறது. இதே குடும்பத்தில் வந்த மியூ ஜூம் 140 எஃப்/4-இல் தொடங்கி எஃப்/11-இல் முடியும், அங்கே எட்டில் ஒரு பங்கு.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பதற்காக. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் கண்ணாடி ஒன்று ஏறி இறங்க இடம் விட வேண்டும். இந்தச் சின்னக் கேமராக்களில் அந்தக் கண்ணாடி இல்லை, வியூஃபைண்டர் தனி ஓட்டை. அதனால் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் வரலாம். இந்த வசதியை வைத்து, முன்னால் ஒளியைக் குவிக்கும் ஒரு தொகுதி, பின்னால் விரிக்கும் ஒரு தொகுதி என்று இரண்டே தொகுதிகளில் குட்டையான ஜூம் செய்ய முடிந்தது. 1986-இல் அறிமுகமான பென்டாக்ஸ் ஜூம்-70 தான் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஜூம் வைத்த முதல் காம்பாக்ட். அது 35-இலிருந்து 70 வரை. பிறகு 105, 115, 140, 160 என்று போட்டி ஏறி, பென்டாக்ஸ் எஸ்பியோ 200 வரைக்கும் போய்விட்டது. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்ட எண்ணைப் பார்த்துத்தான் நாமும் வாங்கினோம். லென்ஸ் நீண்டதற்கு விலையை வெளிச்சத்தில் கொடுத்தார்கள். ஜெர்மன் பெயர் தாங்கிய விலை உயர்ந்த கான்டாக்ஸ் டிவிஎஸ் கூட 28-56 ஜூமில் எஃப்/3.5-இல் தொடங்கி 6.5-இல்தான் முடிந்தது. இயற்பியல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஜூம் இல்லாத மியூ-2 என்று இன்னொன்று உண்டு, 35 மில்லிமீட்டர், எஃப்/2.8. அதே பெயர், அதே சோப்புக்கட்டி வடிவம். இன்றைக்குப் பழைய கேமரா சந்தையில் அதற்குத்தான் கிராக்கி. உங்களுடையது 80-இல் நிற்கும்போது அந்த லென்ஸுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் இதற்கு. ஆகவே அதைப் பற்றிப் படித்த புகழுரைகளை இதன் மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம். ஆனால் இது மட்டமான கேமரா என்றும் அர்த்தமில்லை. 38-இலிருந்து 50 வரை வைத்துக்கொண்டு பகலில் எடுத்தால் மிகக் கூர்மையான படம் தரும். நான் இதை மனதாரச் சொல்கிறேன், என் வீட்டுச் சுவரில் தொங்கும் பெரிய படம் ஒன்று இதில் எடுத்ததுதான்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். இந்த அளவு கேமராவின் ஃபிளாஷுக்கு, 100 வேக ஃபிலிமில் (வேகம் என்றால் ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பது), வழிகாட்டு எண் 10 என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் ஃபிளாஷ் எத்தனை மீட்டர் எட்டும் என்று வரும். 38-இல் 2.2 மீட்டர். 80-இல் 1.1 மீட்டர், ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் மேல். மேடையோ நாலைந்து மீட்டர் தள்ளி இருந்திருக்கும். நெகட்டிவில் ஏறக்குறைய ஒன்றுமே பதிந்திருக்காது. ஸ்டூடியோவில் அதை எப்படியாவது படமாக்க வேண்டுமென்று பிரிண்டில் ஏற்றியிருப்பார்கள், அப்போதுதான் கறுப்பு பழுப்பாகி, புள்ளி புள்ளியாக வரும். அப்பா தப்பாக எடுக்கவில்லை, கேமராவும் தப்பாக வேலை செய்யவில்லை. எழுந்து இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கிட்டத்தில் போய் 38-இல் எடுத்திருந்தால் வந்திருக்கும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சரி, கேமராவைச் சோதிப்போம். ரோல் வாங்குவதற்கு முன்பே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில், பின்கதவைத் திறக்காதீர்கள். கதவில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும், அதற்குள் ரோலின் உடம்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உள்ளே அப்பா கடைசியாகப் போட்ட ரோல் இருக்கிறது. அதில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும், திறந்தால் ஒரு நொடியில் போய்விடும். புது பேட்டரி போட்டு, ரீவைண்ட் பொத்தானைப் பேனா முனையால் அழுத்துங்கள். மோட்டார் ஓடி நின்றதும் எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலான கலர் ரோல் நிறம் மாறி, மூடாப்பு விழுந்து வரும். ஆனாலும் முகங்கள் அடையாளம் தெரியும் அளவுக்குப் பல நேரம் வந்துவிடும். கழுவக் கொடுக்கும்போது பழைய ரோல் என்று சொல்லிக் கொடுங்கள்.

பேட்டரி சிஆர்123ஏ, 3 வோல்ட் லித்தியம். பெரிய கேமரா கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. அதே உருவத்தில் ரீசார்ஜ் செய்யும் பேட்டரியும் விற்கிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். முழுதாகச் சார்ஜ் ஏறினால் அது 4.2 வோல்ட் காட்டும், கேமராவின் மின்சுற்று அதற்குச் செய்யப்பட்டதல்ல. பேட்டரி அறையின் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

வேலை செய்யவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டாம். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்காது. தெரிந்தவர்களே ஜாக்கிரதையாகத் தொடும் இடம் அது.

பேட்டரி போட்டாயிற்றா? முன்மூடியை நகர்த்துங்கள். லென்ஸ் தயங்காமல் வெளியே வர வேண்டும். ஜூம் பொத்தானை ஏற்றி இறக்கி மோட்டாரின் சத்தத்தைக் கேளுங்கள். சீரான இரைச்சல் நல்லது. நடுவில் திக்கி, கரகரத்து, பாதியில் நின்றால் பல்சக்கரத்தில் மணலோ தேய்மானமோ இருக்கிறது, கடற்கரைக்குப் போய்வந்த கேமராக்களில் இது சகஜம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி ஜூம் செய்யுங்கள், உள்ளே காட்சியும் கூடவே நெருங்கி வர வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தினால் பச்சை விளக்கு. ஃபிளாஷ் தயாராக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணுங்கள்.

பின்பு ரோல் இல்லாமல் கதவைத் திறந்து, சன்னலுக்கு எதிராகப் பிடித்து, ஃபிலிம் உட்காரும் சட்டம் வழியாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். ஷட்டர் ஒரு மின்னலாகத் திறந்து மூடுவது தெரியும். இருட்டில் அழுத்தினால் நிதானமாகத் திறக்கும், வெளிச்சத்தில் சட்டென்று மூடும். அந்த வித்தியாசம் தெரிந்தால் ஒளிமானி உயிரோடு இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது சில மாடல்கள் அழுத்த விடாது, அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பூஞ்சைதான் எனக்குப் பெரிய கவலை. நம் ஊர் ஈரத்தில், தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைத்த லென்ஸில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். செல்போன் டார்ச்சை முன்பக்கமிருந்தும், கதவைத் திறந்து பின்பக்கமிருந்தும் சாய்வாக அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல் போல ஓரத்தில் ஒன்றிரண்டு இழை இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் பஞ்சு போல் படர்ந்திருந்தால் வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படங்களில் வெண்மூடாப்பு வரும். அந்தத் தோல் உறையைத் தூர எறிந்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

கதவின் ஓரங்களிலும், ரோல் தெரியும் சன்னலைச் சுற்றியும் கறுப்பு ஃபோம் பட்டை இருக்கும். விரலால் தொட்டால் தார் போல ஒட்டினால் அது கரைந்துவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்து, கறுப்புக் கம்பளி நூலையோ மெல்லிய ஃபோமையோ ஒட்டிக்கொள்ளலாம், கைவேலை தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. முதல் ரோலுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கதவு விளிம்பைச் சுற்றி ஒட்டினாலே போதும். இந்தக் கேமரா மழைத்துளி பட்டால் தாங்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. இன்றைக்கு அதை நம்பி மழையில் நீட்ட வேண்டாம், அந்த ரப்பர்களுக்கும் வயதாகிவிட்டது.

தேதி அச்சடிக்கும் வகை என்றால் அதை அணைத்துவிடுங்கள். அந்தக் காலத்துத் தேதிப் பின்கதவுகள் பலவற்றில் நாட்காட்டி 2019-ஓடு முடிந்துவிடும்.

இதெல்லாம் தேறினால் ரோல் வாங்குங்கள். எந்த ரோல் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 400 வேகக் கலர் நெகட்டிவ், உதாரணமாகக் கோடாக் அல்ட்ராமேக்ஸ் 400. கறுப்பு வெள்ளை ஆசை என்றால் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், அதுவும் 400 தான். நல்ல வெயிலில் 100 ரோலே போதும், 80-இல் கூட ஷட்டர் நொடியில் 300-இல் ஒரு பங்கு வரை ஓடும். நிழலுக்குள் வந்தால்தான் கதை மாறும். திறந்த மர நிழலில் 100 ரோலோடு 80-இல் எடுத்தால் ஷட்டர் 40-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 80 மில்லிமீட்டரைக் கையில் ஆடாமல் பிடிக்கக் குறைந்தது 80-இல் ஒரு பங்கு வேண்டும் என்பது பழைய வழக்கு. 400 போட்டால் அதே நிழலில் 160-இல் ஒரு பங்கு கிடைக்கிறது. ஃபிளாஷ் எட்டும் தூரமும் இரண்டு மடங்காகிறது. சாயங்கால வெளிச்சத்தில் எடுக்க விரும்புபவர் 400-க்குக் கீழே போகவே கூடாது.

விலை குறைவு என்று சிலர் சினிமா ஃபிலிமைச் சாதாரணக் குப்பியில் சுற்றி விற்பதை வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ரோலின் உடம்பில் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக இருப்பது டிஎக்ஸ் கோடு, கோடாக் 1983-இல் கொண்டுவந்தது. கேமரா அதைத் தொட்டுத்தான் ஃபிலிமின் வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. கட்டம் இல்லாத குப்பியைப் போட்டால் இது போன்ற கேமராக்கள் பெரும்பாலும் 100 என்று எடுத்துக்கொள்ளும், அதை மாற்ற உங்களுக்குப் பொத்தான் கிடையாது. இன்னொன்று, சினிமா ஃபிலிமின் முதுகில் கரிப்பூச்சு இருக்கலாம். அதை நீக்காத ரோலை, கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறையான சி-41 செய்யும் இடத்தில் கொடுத்தால் அவர்களுடைய ரசாயனமே கெட்டுவிடும், வாங்கவும் மாட்டார்கள். முதல் ரோலுக்கு இந்த வம்பு வேண்டாம்.

ரோலைப் போடும்போது ஃபிலிமின் நாக்கை, அதாவது வெளியே நீண்ட முனையை, குறி வரைக்கும் மட்டும் இழுத்து வைத்து, தொய்வில்லாமல் கதவை மூடுங்கள். எண் 1 வர வேண்டும். எனக்கு ஒருமுறை இது வராமல் இருந்ததைக் கவனிக்காமல், திருவண்ணாமலையில் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தேன். ஃபிலிம் பல்லில் சிக்கவே இல்லை. அந்த விடிகாலை மலை இன்னும் மனதில்தான் இருக்கிறது. அதிலிருந்து எண்ணைப் பார்க்காமல் நான் ஒரு அடி நகர்வதில்லை.

ரோலின் 36 படங்களில் முதல் பன்னிரண்டைச் சோதனைக்கு என்று ஒதுக்குங்கள். ஒரு சின்ன நோட்டில் எண் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும், எழுதாத சோதனை சோதனையே அல்ல. காலை வெயிலில் நுணுக்கமான வேலைப்பாடு உள்ள ஏதாவது ஒன்றின் முன் நில்லுங்கள். நான் எடுத்துக்கொண்டது மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளம். எதிர்க்கரையில் நின்று கோபுரத்தை 38-இல் ஒன்று, நடுவில் ஒன்று, 80-இல் ஒன்று. பிறகு அதே இடத்தில், கைப்பிடிச்சுவரில் கேமராவை வைத்து 80-இல் இன்னொன்று. இந்தக் கடைசிப் படம் முக்கியம். கையில் எடுத்தது கலங்கி, சுவரில் வைத்தது கூர்மையாக வந்தால் குற்றம் கையாட்டத்தில். இரண்டும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் அதுதான் லென்ஸின் எல்லை. இந்த ஒரு ஜோடிப் படம் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் சொல்லிவிடும்.

அடுத்து வீட்டுக்குள். யாரையாவது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மீட்டரில் நிற்க வைத்து 38-இல் ஃபிளாஷோடு எடுங்கள், பிறகு 80-இல் இரண்டும் மூன்றும் மட்டும். உங்கள் கேமராவின் ஃபிளாஷ் உண்மையில் எங்கே தீர்ந்துபோகிறது என்று தெரிந்துவிடும், என்னுடைய தோராயக் கணக்கு தேவைப்படாது. மீதி இரண்டு படங்களில் ஒன்று சன்னலுக்கு எதிராக, ஒன்று ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் தள்ளி ஒரு பூச்செடி. கிட்டத்தில் எடுக்கும்போது வியூஃபைண்டருக்குள் இருக்கும் உள்கோடுகளுக்குள் செடி அடங்க வேண்டும். நீங்கள் பார்க்கும் ஓட்டையும் படம் எடுக்கும் லென்ஸும் வேறு வேறு இடம் என்பதால் மேல் பக்கம் வெட்டுப்படும்.

மீதி இருபத்து நான்கு உங்களுடையது. பழகிக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம் ஃபிளாஷ். ஒவ்வொரு முறை மூடியை மூடித் திறந்தாலும் அது ஆட்டோவுக்கே திரும்பிவிடும், வேண்டாமென்றால் ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும். கேமராவைத் திறந்ததும் அந்தப் பொத்தானுக்கு விரல் தானாகப் போகும்வரை பழகுங்கள். பஸ், ரயில் சன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போது ஆட்டோஃபோகஸ் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஏமாறலாம், கண்ணாடியைத் திறந்துவிட்டு எடுங்கள்.

ஜூமை எங்கே பயன்படுத்துவது? நல்ல வெயிலில், தயங்காமல். 38-இல் எடுத்துப் பிறகு வெட்டிப் பெரிதாக்கலாமே என்று கேட்டால், 80-இன் காட்சிக்கு 38-இன் நெகட்டிவில் நாலரையில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தத் துண்டைவிட வெயிலில் எடுத்த 80 எப்போதும் மேல். முகத்தை எடுக்க 55, 60 பக்கம் அழகாக இருக்கும், மூக்கு பெரிதாகத் தெரியாது. வெயில் சாய்ந்ததும் 38-க்கு வந்துவிட்டுக் காலால் நடந்து போங்கள்.

ஆல்பத்துப் படங்களோடு ஒப்பிடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். இந்தக் கேமராக்கள் நாலுக்கு ஆறு பிரிண்டுக்காகச் செய்யப்பட்டவை. 36 மில்லிமீட்டர் அகல நெகட்டிவ் அந்தப் பிரிண்டில் நாலு மடங்கு சொச்சம்தான் பெரிதாகிறது. அந்த அளவில் லேசான கையாட்டம் தெரியாது. நீங்களோ ஸ்கேனைக் கம்ப்யூட்டர் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். அங்கே 80 மென்மையாகத் தெரிந்தால் உடனே மனம் தளர வேண்டாம், நாலுக்கு ஆறு போட்டுக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கலர் ரோலைக் கழுவுவது சி-41 முறை. டெவலப்பர் 37.8 டிகிரியில், மூன்றேகால் நிமிடம். இந்தச் சூட்டில் சிறு பிசகு வந்தாலும் நிறம் சாயும் என்பதால், எப்போதாவது ஒரு ரோல் கழுவும் ஸ்டூடியோவைவிட, தினமும் கழுவுகிற லேபுக்குக் கூரியரில் அனுப்புவதே நல்லது. எடுத்து முடித்த ரோலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். விமானத்தில் கொண்டுபோனால் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், புதிய சிடி ஸ்கேனர்கள் 400 ரோலையே மூடாப்பு அடித்துவிடும்.

நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை வைத்துக்கொள்கிறார்கள். வந்ததும் முதலில் நெகட்டிவைச் சன்னலில் பிடித்துப் பாருங்கள். படத்தின் ஓரத்திலிருந்து ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு கீற்று ஸ்கேனில் இருந்தால், நெகட்டிவில் அதே இடம் கறுத்திருந்தால், கதவின் ஃபோம் போய்விட்டது. நெகட்டிவ் வெளிறிக் கண்ணாடி போல் இருக்கும் படங்கள் வெளிச்சம் போதாதவை. அப்பா எடுத்த கல்யாண நெகட்டிவ்களும் வீட்டில் எங்கேயாவது உறையில் இருக்கும், தேடி எடுங்கள். உங்கள் ஃபிளாஷ் சோதனையில் 80-இல் மூன்று மீட்டரில் எடுத்த படத்தையும் மேடைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், வெளிச்சம் போதாமல் இரண்டும் வெளிறியிருப்பதையும், மேடைப் படம் இன்னும் அதிகமாக வெளிறியிருப்பதையும் கண்ணாலேயே காண்பீர்கள்.